நாலாவது வழி

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து மலையாளத்து அடைமழை. துணி எதுவும் காயவில்லை. ஈரச் சுடிதாரோடுதான் ஆபீஸ்.

எச்.ஆர். மேடம் கூப்பிட்டார். என் வேலை விசா இந்த மாதக் கடைசியில் முடிகிறது. புராஜெக்டும் முடிகிறது. இரண்டும் சேர்ந்தே முடிவதில் ஒரு ஒற்றுமை.

அவர் சொன்ன வழிகள்:
1. நீட்டிப்பு. புதுப் புராஜெக்ட் கிடைத்தால் கம்பெனி கடிதம் தரும். கிடைக்குமா? தெரியாதாம்.
2. வேறு கம்பெனி. கொழும்புக்குத் திரும்பிப் போய்ப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமாம்.
3. படிப்பு விசா. அதற்கும் போய்த்தான் வர வேண்டுமாம்.

ஆக, இங்கே இருப்பதற்கு முதலில் இங்கிருந்து போக வேண்டும். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வீட்டுக்கார மாமியிடம் சொன்னேன். விழித்தார். "விசா துபாய்க்குப் போறவாளுக்கல்லே? நீ இங்கதானே இருக்கப் போறே, நோக்கெதுக்குடி விசா?" யாழ்ப்பாணம் என்று எத்தனையோ தரம் சொல்லியாயிற்று. இரண்டு வருடமாக அவருக்கு நான் நாகர்கோவில் பக்கத்துப் பெண்.

வாங்க வேண்டியது: சோப்பு, கொசுவர்த்தி. பெட்டிக்குப் பூட்டு? தெரியவில்லை.

ஜூன் 4, புதன்

மழை விட்டு விட்டு. குடையை ஆபீசிலேயே மறந்துவிட்டேன்.

முத்துக்குமாரிடம் சொன்னேன். என் பக்கத்து இருக்கை, மென்பொருளில் பிழை பார்க்கும் டெஸ்டிங். அப்பாவுக்கு ஆரியசாலைச் சந்தையில் மிளகாய் வற்றல் மொத்தக் கடை. அந்த நெடியில் வளர்ந்ததாலோ என்னவோ இவன் எதற்கும் அசைவதில்லை. டீக்கடைக்குக் கூட்டிப் போனான். மூன்று வழியையும் கேட்டான், தலையை ஆட்டினான்.

"நாலாவது ஒண்ணு உண்டு. இந்த நாட்டுக்காரனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டா விசாவை மாத்திக்கலாம்னு வாசிச்சேன்."

"ஆரைக் கட்டுறது?"

"ஆளுக்கா பஞ்சம்? நான் இருக்கேம்லா." அதே மூச்சில், "டீயில மதுரம் குறைவோ?"

மதுரம் சரியாகத்தான் இருந்தது. குறைவு என்று சொல்லிவிட்டேன். கடைக்காரர் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டார். பாகு மாதிரி இருந்ததைக் குடித்து முடித்தேன். அதற்குப் பிறகு நாங்கள் புராஜெக்ட் பற்றிப் பேசினோம்.

ஜூன் 6, வெள்ளி

வெயில்! துணி காய்ந்தது.

அவன் சொன்னது என்ன? உதவியா, சிரிப்புக்குச் சொன்ன பகிடியா, அல்லது வேறா? பிழை கண்ட இடத்தில் உடனே ஒரு வழி சொல்வது அவன் தொழில். என்னையும் அப்படி ஒரு பிழையாக எடுத்துத் திருத்தப் பார்க்கிறானா?

ஓம் என்றால் விசாவுக்காக என்று நினைப்பான். இல்லை என்றால் நிஜமாகவே இல்லை என்று நினைப்பான். இரண்டும் சரியில்லை. மூன்றாவதாக ஒரு சொல் தமிழில் இல்லை. மலையாளத்தில் இருந்தாலும் எனக்குத் தெரியாது.

எனக்கு அவனைப் பிடிக்கும். எழுதியாயிற்று. பிடிக்கும்.

அம்மா போன்: "போதும் பிள்ளை, வா. கொழும்பிலை வேலை இல்லையோ? என்ன இருக்கு உனக்கு அங்கை?" சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன். சாப்பிடவில்லை.

ஜூன் 9, திங்கள்

மறுபடி மழை. மின்சாரம் போய்ப் போய் வருகிறது.

மெயில் வந்தது. புதுப் புராஜெக்ட். இன்னும் ஒரு வருடம். கடிதம் தயாராம், நான் இணையத்தில் விண்ணப்பித்தால் போதுமாம். முதலாம் வழி!

துள்ளிக் குதிக்க வேண்டியவள் கழிப்பறைக்குப் போய் அழுதேன். ஏன்? நாலாவது வழி இனித் தேவையில்லை என்பதாலா? அப்படியென்றால் நான் எவ்வளவு பெரிய மடச்சி.

பின்னேரம் வரை அவனிடம் சொல்லவில்லை. சொன்னதும், "ஆஹா, நல்லதாப் போச்சு" என்றான். சிரித்தான். கணினியைப் பார்த்துச் சிரித்தான். நாலாவதைப் பற்றி மூச்சில்லை. நல்லதாம்! எரிச்சல். குடையை மறுபடி மறந்து நனைந்து வந்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

தூறல்.

ஆபீஸ் முடிந்து வரும்போது, "பழவங்காடி கோயில்ல ஒரு நேர்ச்சை இருக்கு, கூட வாங்க" என்றான். நேர்ச்சை என்றால் எங்கள் நேர்த்திக்கடன். நான் சரியாக முகம் கொடுக்கவில்லை. ஆனாலும் போனேன்.

அங்கே பிள்ளையாருக்குத் தேங்காய் எறிவார்கள். கல்லில் பட்டுச் சிதறினால் தடை போகும். அவன் இரண்டு தேங்காய் வாங்கினான்.

"ஏன் ரெண்டு?"

"ஒண்ணு உங்க விசாவுக்கு. வழி கிடைச்சா எறியறதா நேர்ந்திருந்தேன்."

அதை ஓங்கி எறிந்தான். சில்லுச் சில்லாகப் போனது. பக்கத்தில் நின்றவர்கள் மேலெல்லாம் தேங்காய்த் தண்ணீர்.

"மற்றது?"

கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். "இது பழைய நேர்ச்சை. போன ஓணத்துக்கு நேர்ந்தது. இன்னும் எறியல."

போன ஓணம். ஆபீசில் பூக்கோலம் போடும் பூக்களத்துக்கு நான் முதன்முறையாகப் பொன்கரைக் கசவுச் சேலை உடுத்துப் போய், மடிப்புத் தடுக்கி விழப் பார்த்த நாள்.

"ஓணத்திலை எனக்கு விசாப் பிரச்சினையே இருக்கேல்லையே" என்றேன்.

"இல்லை" என்றான். காது இரண்டும் சிவந்திருந்தது.

நான் கையை நீட்டினேன்.

"தாங்கோ. இதை நான் எறியிறன்."