பாவுக் கஞ்சியில் உப்பு

மாசி 3, திங்கள்

பனி இன்னும் விலகவில்லை. சாமை ஊறப்போட்டாயிற்று. அடுப்பு முன்னால் நின்றாலே அந்த விரல் ஞாபகம்தான். என் வீட்டுக்காரருடைய வலது கால் சுண்டுவிரல். தறி மிதித்து வந்த கொப்புளம், சர்க்கரையால் ஆறாத புண். “வெள்ளிக்கிழமை ரத்தம் பாக்கலாம்மா. இறங்கலன்னா விரலை எடுத்துடணும்” என்றார் டாக்டர்.

ஆகவே அரிசிச் சோறு நிறுத்தம். இவர், நான், மகள் கல்பனா, மூவருக்கும் ஒரே சாப்பாடு. எதுவும் மிஞ்சக் கூடாது, குப்பைக்குப் போகக் கூடாது. ஆழாக்கில் அளந்துதான் உலை.

காலை: கேழ்வரகு தோசை.
மதியம்: சாமை, கீரை. தண்டு சாம்பாருக்கு. பீர்க்கங்காய்த் தோல் துவையல்.
இரவு: கோதுமை ரவை உப்புமா.

மூன்று வேளையும் பாத்திரம் வழித்துத் துடைத்தாற்போல் காலி. கொஞ்சம் கர்வம்கூட.

கல்பனா: “நம்ம வீட்டு டஸ்ட்பின்னும் டயட்ல இருக்குதும்மா.”

மாசி 4, செவ்வாய்

எதிர்வீட்டு சரோஜா அக்காவின் சுகர் மெஷினில் குத்திப் பார்த்தோம். இறங்கவில்லை. ஏறியிருக்கிறது! எப்படி?

“டீக்கடைக்குப் போனீங்களா?”

“அந்தப் பக்கமே போகலமா. சத்தியமா.”

பொய் சொல்கிற முகம் இல்லை. தறிக்குழியில் இறங்கக் கூடாது என்பதால், தெருவில் யார் பாவு நூலை நீட்டினாலும், அது விறைப்பாக நிற்கப் போடும் கஞ்சியை அவர்கள் தரும் அரிசியில் காய்ச்சித் தருகிறார். பின்கட்டை விட்டு எங்கும் போவதில்லை. பிறகு சர்க்கரை எங்கிருந்து வருகிறது? கீரை நறுக்கும்போது அழுகை. வெங்காயத்தின் மேல் பழி போட்டேன்.

மாசி 5, புதன்

நல்ல வெயில். தெருவில் சரோஜா அக்காவின் பாவு. காலையிலேயே கஞ்சி போட்டு நீட்டியாயிற்று. நூல் காயவே இல்லை.

“என்னாமா இது? இம்மாம் வெயில்லயும் பிசுபிசுன்னுக்கினு இருக்குது?” என்றார் அக்கா.

கஞ்சிப் பானையில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தேன். உப்பு.

பாவுக் கஞ்சிக்கு எந்த நெசவுக்காரன் உப்பு போடுவான்? ஈரத்தை இழுத்து நூலைக் காயவே விடாதே. உப்பு போட்டால் அது சாப்பாடு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அரிசி டப்பாவை ஒளித்தேன், சர்க்கரை டப்பாவை ஒளித்தேன். இந்தப் பானையை நினைக்கவே இல்லை. எங்களுக்கு அது தறிச் சாமான், சோறு இல்லை.

தெரு என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். “விரல் போனா பரவால்லியா உங்களுக்கு?”

தலையைக் குனிந்துகொண்டார். “பசி தாங்கலமா. தெனம் ஒரு சொம்புல உப்பு போட்டுக் குடிப்பேன். இன்னிக்கி மீந்துடுச்சு. கொட்டக் கூடாதுன்னு நீதானே சொல்ற? பானையிலயே ஊத்திட்டேன்.”

“நான் சோறு போடலியா?”

“போட்ட. ரெண்டாவது வாட்டி கேட்டா உனுக்கு இருக்காதேமா. சோத்துப் பானையப் பாத்துக்கினுதானே சாப்பிடறேன்.”

அக்கா, “நூலை அலசிக்கலாம், நீ போய் மூஞ்சியக் கழுவு” என்றார்.

மாசி 6, வியாழன்

சாமை கொஞ்சம், பயறும் கீரையும் இரண்டு பங்கு. சோற்றுப் பானையை அவர் கண்ணில் படும்படி வைத்தேன். எட்டிப் பார்த்தார். அப்படியும் கேட்கவில்லை, “போதும்மா” என்று எழுந்துவிட்டார். மீந்தது. அதைப் பார்க்கப் பார்க்க என் மேலேயே ஆத்திரம். தெருவில் வந்த பசுவுக்கு வைத்தேன்.

மாசி 7, வெள்ளி

விரல் போகிறது. திங்கட்கிழமை. கஞ்சி மட்டும் காரணம் இல்லையாம், புண் முன்பே எலும்பு வரை போய்விட்டதாம். டாக்டர் என்னைத் தேற்றச் சொன்னாரோ என்னவோ.

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தவர். ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் டப்பாவைத் திறந்தேன். கேழ்வரகு தோசை, நிறைய. முதலில் டப்பாவுக்குள்தான் பார்த்தார்.

“உனுக்கு?”

“இருக்குது. சாப்பிடுங்க.”

இரண்டு தின்றார். பிறகு தட்டை நீட்டினார்.

“இன்னொன்னு போடுமா.”

போட்டேன்.