யாரும் குடிக்காத தண்ணீர்

அண்ணை,

நேற்று என் வீட்டு நிலவறையைத் துப்புரவு செய்தபோது உங்கள் நீலத் தண்ணீர்க் கான் அகப்பட்டது. அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. மூடியைத் திறந்தேன், அதே இரும்பு மணம். ஒரு காலத்தில் அந்த மணத்துக்கு நாக்கு ஊறியவன் நான். நேற்றுக் குமட்டியது. எறிய மனம் வரவில்லை, வைத்திருக்கவும் பயமாக இருந்தது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். வேறு யாரிடம் போய் ஏசுவது?

அந்த வீட்டை நீங்கள் அறைகளைப் பார்த்து வாங்கவில்லை. தோட்டத்து மூலையில் கைப்பம்பு பூட்டிய குழாய்க்கிணறு இருந்தது. வீடு காட்ட வந்தவர் சமையலறையைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்க, நீங்கள் பம்பை அடித்துக் கையில் ஏந்திக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "டேய் தம்பி, சொந்தக் கிணறடா!" யாழ்ப்பாணத்தில் கிணறில்லாத வளவை வளவென்றே மதிக்காத ஆள் நீங்கள். இங்கே டென்மார்க்கில், மாடிவீட்டில் வருடக்கணக்காகக் குழாய்த் தண்ணீரைத் திட்டிக்கொண்டே குடித்தீர்கள். அதுவோ தங்கமான தண்ணீர். ஊருக்கு வெளியே ஆழத்திலிருந்து எடுத்து, சோதித்து அனுப்பியது. ஏன் ஊருக்கு வெளியே போய் எடுக்கிறார்கள் என்று நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை.

மொழி வகுப்பு டீச்சர் பெருமையாகச் சொன்னதும் உங்களுக்கு வாய்ப்பாகப் போயிற்று. டென்மார்க்கில் நிலத்தடித் தண்ணீரை மருந்து போடாமலே குடிக்கலாமாம். யாராவது பம்புத் தண்ணீரைக் குடிக்க யோசித்தால் அந்தச் சொல்லைத்தான் எடுத்து வீசுவீர்கள். பிறகென்ன, சனிக்கிழமைத் தேநீர் அந்தத் தண்ணீரில், தைப்பொங்கல் அந்தத் தண்ணீரில். வர முடியாதவர்களுக்குக் கானில் நிரப்பிக் காரில் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள். "குழாய்த் தண்ணியில பொங்கினா அது வெறுஞ் சோறு" என்பீர்கள். குழாயிலும் இதே தண்ணீர்தானே அப்பா என்று உங்கள் மகள் டேனிஷில் சிரிப்பாள். அவள் நினைத்ததும் பிழை.

பிறகு உங்களுக்கு வருத்தம் வந்தது. ஈரல். இவர் சாராயம் தொட்டதே இல்லை என்று அண்ணி சொல்லச் சொல்ல டாக்டர் தலையாட்டினார். காரணம் சொல்ல முடியாது என்றார்.

நீங்கள் கண்மூடி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்த கிழமை, கொம்யூன் அலுவலகத்திலிருந்து நகரசபை ஆட்கள் இரண்டு பேர் வந்து தோட்டத்து மண்ணைத் துளைத்துப் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் ஒரு தொழிற்சாலை தன் கழிவை மணலுக்குள் புதைத்ததாம். அது அடியால் மெல்ல நகர்ந்து இப்போது உங்கள் தெருவுக்குக் கீழே நிற்கிறதாம். தேநீருக்கும் சமையலுக்கும் இந்தப் பம்புத் தண்ணீர்தான் என்று அண்ணி சொல்ல, வந்தவர்களில் ஒருவன் திகைத்துப்போனான். "இதையா குடித்தீர்கள்? இதை யாரும் குடிப்பதில்லையே. ஊரில் எல்லாருக்கும் தெரியுமே."

எல்லாருக்கும்! அந்த எல்லாரிலும் நாங்கள் சேர்த்தி இல்லை, அண்ணை. வரி கட்டினோம். இறைச்சி ஆலையில் அவர்களோடு ஒரே மேசையில் நின்று வெட்டினோம். ஆனால் இந்தக் கதை அவர்கள் வீட்டுக் கோப்பி மேசைகளில் கதைத்த கதை. அங்கே எங்களை யார் கூப்பிட்டார்கள்? பக்கத்து வீட்டு டேனிஷ்காரி இங்கா உங்கள் தோட்டத்தில் எத்தனை தரம் வந்து உட்கார்ந்திருப்பாள்! அண்ணி பம்படியில் கேத்தலை நிரப்புவதைக் கண்ணால் கண்டவள். தேநீரை நீட்டினால், வேண்டாம் என்று சிரித்துவிட்டுத் தன் பிளாஸ்கைத் திறப்பாள். இனிப்புக் கூடிப்போயிற்றோ என்று அண்ணி சீனியைக் குறைத்துப் பார்த்தார்.

கொம்யூனுக்குப் போன் அடித்தேன். மரியாதையான ஒரு பெண். ஊரின் குடிநீர் எப்போதும் தரமானதாகவே இருந்திருக்கிறது, தோட்டக் கிணறு குடிநீரில் சேராது என்றாள். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. போனைச் சுவரில் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

அண்ணி என்னைக் காணும்போதெல்லாம் கேட்பது ஒன்றுதான். "தம்பி, நான்தானே ஊத்தி ஊத்திக் குடுத்தனான். அவருக்கு வந்தது தண்ணியாலயோ?"

"இல்லை அண்ணி. நானும் குடிச்சனான்தானே, கல்லுமாதிரி இருக்கிறன்" என்பேன். எனக்கு என்ன தெரியும்? சோதனைக்குப் போகவே பயம்.

இந்த வசந்தத்தில் வீடு விலைப்பட்டது. வாங்கியது ஒரு இளம் டேனிஷ் சோடி, பெண்ணின் வயிற்றில் பிள்ளை. சாவி கொடுக்கும் நாளில் அண்ணி என்னையும் இழுத்துக்கொண்டு போனார். "அந்தப் பிள்ளை அறியாமல் குடிச்சுப்போடும். நீ வடிவா டேனிஷில சொல்லு."

சொன்னேன். அந்தப் பெண் அண்ணியின் கையைப் பிடித்து, கவலைப்படாதீர்கள், எங்களுக்குத் தெரியும் என்றாள். முதன்முதலாக வீடு பார்க்க வந்த அன்றே இங்கா வேலியடியில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாளாம்.

திரும்பி வரும்போது அண்ணி கார்க் கண்ணாடி வழியே இங்காவின் வேலியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார். "நாங்களும் வீடு பாக்கத்தானே வந்தனாங்கள், தம்பி. அண்டைக்கும் அவ வேலியடியில நிண்டவதானே?"

தண்ணீரைப் பற்றிக் கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒரு பொய்யாவது இருந்தது. இதற்கு அதுவும் இல்லை, அண்ணை.