இரண்டு கிரிஸ்டலுக்கும் ஒரே எண்

கிழக்கு தாம்பரம்,
14-6-1976.

அன்புள்ள எலியேசருக்கு,

ஸ்ரீரங்கன் எழுதுவது. இங்கே நானும் சாவித்ரியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடம் திறந்திருக்கும், உனக்கு மூச்சுவிட நேரமிருக்காது. உன் மனைவி கிருபாவைப் பற்றி விசாரிக்க எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் விசாரிக்கிறேன்.

அவள் போன வாரம் சாவித்ரிக்கு எழுதியிருந்தாள். இடது கண் போனதற்குப் பழகிவிட்டாளாம். ஆனால் நீ நாலு வருஷமாகக் கோயிலில் திருவிருந்தின் அப்பமும் ரசமும் வாங்க எழுந்து போவதில்லை, எல்லாரும் போகும்போது நீ மட்டும் பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாய், அதைத்தான் பார்க்க முடியவில்லை என்று எழுதியிருந்தாள். சாவித்ரி உரக்கப் படித்தாள்.

உன் ரேடியோ பொம்மை விமானம் கிருபாவின் முகத்தில் விழுந்தது என்னால், எலியேசர். கடவுளால் இல்லை.

நம் இருவர் டிரான்ஸ்மிட்டருக்கும் உன் அண்ணன் லண்டனிலிருந்து அனுப்பிய இரண்டு கிரிஸ்டலுக்கும் ஒரே எண், அதாவது ஒரே அலைவரிசை. ஒருத்தன் விமானம் மேலே இருக்கும்போது மற்றவன் டிரான்ஸ்மிட்டரைப் போட்டால் அது யார் பேச்சையும் கேட்காது. அதற்காகத்தான் நீ துணி காயப்போடும் அந்த மஞ்சள் கிளிப்பை வைத்தாய். கிளிப் யாரிடமோ அவன்தான் சுவிட்சைத் தொடலாம். வாத்தியார் புத்தி என்று நான் கேலி செய்வேன்.

அந்த மே மாத ஞாயிற்றுக்கிழமை கிளிப் உன் வீட்டில் இருந்தது. என் புது டிரான்ஸ்மிட்டரை அன்று மத்தியானம்தான் பூட்டி முடித்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ விமானத்தைக் கையால்கூடத் தொடமாட்டாய், சாயங்கால ஆராதனையில் இருப்பாய், கிளிப் எதற்கு என்று நினைத்துவிட்டேன். மொட்டைமாடியில் ஏரியலை முழுசாக இழுத்துவிட்டு, மீட்டர் முள் ஏறும்வரை காயிலைத் திருகினேன். அப்போது மணி ஐந்தரை. முள் ஏறியதும் சாவித்ரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் ஊருக்குப் போகும் தன் தம்பிக்கு விமானத்தைப் பறக்கவிட்டுக் காட்டச் சொல்லிக் கிருபா கெஞ்சியதும், முதல் தடவையாக நீ ஞாயிற்றுக்கிழமை செம்பாக்கம் ஏரிக்குப் போனதும் எனக்கு ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. எத்தனை மணிக்கு விழுந்தது என்று கேட்டேன். ஐந்தரை இருக்கும் என்றாய். கர்த்தருடைய நாளில் விளையாடினேன், என்னை விட்டுவிட்டு அவளைத் தண்டித்துவிட்டார் என்று சுவரில் முட்டிக்கொண்டாய். நான் உன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நீ மாற்றல் வாங்கிக்கொண்டு ரயிலேறிய அன்றாவது சொல்லியிருக்கலாம். நீயோ உன் விமானச் சாமான்களை என்னிடம் கொடுத்து, நீயாவது பறக்கவிடு என்றாய். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

கிருபாவின் கடிதம் வந்த மறுநாள் எல்லாவற்றையும் பரணிலிருந்து இறக்கினேன். ஒருவேளை நானில்லையோ என்று ஒரு நப்பாசை. கிரிஸ்டலைச் சொருகி, புது பாட்டரி போட்டு, அன்று திருகிய இடத்திலேயே காயிலை வைத்தேன். உடைந்த உன் விமானத்தை அதன் ரிசீவரோடு சாவித்ரியிடம் கொடுத்து ஏரிக்கு அனுப்பினேன். நான் மாடியில் சுவிட்சைப் போட்டேன். அவள் திரும்பி வந்து, வால் பக்கம் துடித்துக்கொண்டே இருந்தது, எதற்காக இதெல்லாம் என்று கேட்டாள். சொன்னேன். அன்றிலிருந்து அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அது நியாயம்தான்.

உங்கள் வேதம் எனக்குத் தெரியாது. ஆனால் என் அவசரத்துக்கு உன் கடவுள்மேல் பழி போட்டுவிட்டு நாலு வருஷம் நிம்மதியாகத் தூங்கினேன். நிம்மதியாக என்பதும் பொய்.

என்னை மன்னிக்கும்படி கேட்கவில்லை. இனி எனக்கு எழுதாவிட்டாலும் சரி. இந்தக் கடிதத்தைக் கிருபாவுக்கு ஒரு வரி விடாமல் படித்துக் காட்டு. அடுத்த திருவிருந்து அன்று அவள் எழுந்திருக்கும்போது நீயும் எழுந்துவிடு. அவளைத் தனியாக நடக்கவிடாதே.

இப்படிக்கு,
ஸ்ரீரங்கன்.