அம்புத்துளையில் வைத்த கை

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. 'அன்புள்ள' என்று தொடங்கி அடித்துவிட்டேன், கை வரவில்லை. நான் நலம். நீ நலம் என்பதைப் போன சனிக்கிழமை கோட்டைச் சுவர் மேல் நேரிலேயே பார்த்துவிட்டதால் அதைக் கேட்டு எழுத வேண்டியதில்லை. ஒரு சுற்று பெருத்திருக்கிறாய். விலாசம் எப்படிக் கிடைத்தது என்று மண்டையைக் குடைந்துகொள்ளாதே. வாசலில் இருக்கும் வருகைப் பதிவேட்டில் உன் கையாலேயே எழுதிவிட்டுப் போயிருக்கிறாய்.

நான் இன்னும் தையல் கடையில் இருப்பதாக நினைத்துத்தான் துணிந்து வந்திருப்பாய். கடையை மூடி நான்கு வருடமாகிறது. இப்போது கோட்டையில் வழிகாட்டி வேலை. அன்று உங்கள் கூட்டத்துக்கு வரவேண்டியவருக்குக் காய்ச்சல், என்னை அனுப்பினார்கள். கையில் சின்னக் கொடியோடு என்னைப் பார்த்ததும் உன் முகம் போன போக்கு இருக்கிறதே! சட்டென்று கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாய். கண்ணாடி போட்டுக்கொண்டால் கூடப் பிறந்தவளுக்கு அடையாளம் தெரியாமல் போய்விடுமா?

நானும் காட்டிக்கொள்ளவில்லை. பதினெட்டுத் தலையை எண்ணி உள்ளே அழைத்துப் போனேன். யானை முட்டித் திறக்காமல் இருக்கக் கதவில் அடித்த இரும்பு முனைகள், எதிரி ஒரே ஓட்டமாக ஓடிவர முடியாதபடி இரண்டு முறை மடங்கும் வழி, கொதிக்கும் எண்ணெயை மேலிருந்து ஊற்றத் துளைகள், எல்லாம் சொன்னேன். அந்தத் துளைக்கு நேர் கீழே நீ நின்றபோது, ஓர் அண்டா எண்ணெய் கைவசம் இல்லையே என்று மெய்யாகவே வருத்தப்பட்டேன். நீ வேறு, "இந்தச் சுவர் எவ்வளவு உயரம் மேடம்?" என்று கேட்டாய். மேடமாம்! அந்தச் சுவர் மேல் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறியவள் நான்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். உன் மாமனார் நல்ல மனிதர், என்னோடு பேசிக்கொண்டே வந்தார். பெரிய கதவுக்குள் இருக்கும் அந்தச் சின்னத் திட்டிவாசலில் நுழையும்போது, "எங்க மாப்பிள்ளைக்கு அப்பா அம்மா ரெண்டு பேருமே கிடையாதும்மா. தனி ஆளா படிச்சு முன்னுக்கு வந்தவர்" என்று பெருமையாகச் சொன்னார். அம்மா விஷயத்தில் நீ சொன்னது உண்மை. முப்பது வருடம் அதே வாசலைத் திறந்து மூடிய காவல்காரரை, மூச்சு இருக்கும்போதே கொன்றுவிட்டாயே, பாவி. காவல்காரர் மகன் என்று சொல்ல அவ்வளவு கூச்சமா? எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "பாத்து வாங்க, தலை இடிக்கும்" என்று மட்டும் அவரிடம் சொன்னேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது கொத்தளத்தைத் தாண்டித் தலை எண்ணினால் பதினேழு. தேடிக்கொண்டு திரும்பி வந்தால், நீ அந்தப் பழைய அம்புத்துளையில் முகத்தை வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். நம் வீடு, வாசலில் நாற்காலி, நாற்காலியில் அப்பா. பகைவனைக் குறிபார்க்க வெட்டிய துளையில் நின்று பெற்றவரைப் பார்த்தாய். பிறகு உள்ளங்கையால் துளையை மூடி மூடித் திறந்தாய். மூன்று முறை. என் காலடி கேட்டதும் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு கூட்டத்தில் கலந்துவிட்டாய்.

சின்ன வயதில் நாம் சுவர் மேல் விளையாடும்போது அப்பா கீழேயிருந்து சாப்பிடக் கூப்பிடுவார். கத்திப் பதில் சொல்லச் சோம்பல்பட்டு நீ கண்டுபிடித்த சைகை அது. மூன்று முறை துளை இருண்டால் "இதோ வர்றேன்" என்று அர்த்தம். உடனே தட்டை எடுத்து வைப்பார். பழக்கத்தில் கை தானாகப் போயிருக்கும், வேண்டுமென்று செய்யவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் அப்பா பார்த்துவிட்டார். புரை விழுந்த கண்ணுக்கு முகம் தெரியாது. வெளிச்சமும் இருட்டும் நன்றாகவே தெரியும்.

வேலை முடிந்து நான் வீட்டுக்குப் போனால், சவரம் செய்து, நல்ல சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே இரண்டு தட்டு. "தம்பி வர்றேன்னு சொல்லிட்டான்" என்றார். சுற்றிப் பார்க்க வந்த யாரோ கையை வைத்து விளையாடியிருப்பார்கள் என்றேன். "மூணு தடவைன்னு அவங்களுக்கு யாரு சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார். உங்கள் பஸ் அதற்குள் எங்கேயோ போயிருக்கும்.

அப்பா வயிற்றில் ஒரு கட்டி. இருபதாம் தேதி ஆபரேஷன் என்று நாள் குறித்திருக்கிறார்கள். தள்ளிப்போட்டால் பிறகு கத்தி வைத்தும் பயனில்லை என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். இவர் நாற்காலியை விட்டு அசைய மாட்டேன் என்கிறார். "நான் ஆஸ்பத்திரியில கிடந்தா, அவன் வந்து பூட்டைப் பாத்துட்டுத் திரும்பிடுவான்" என்று ஒரே பிடிவாதம். உங்களைச் செத்தவராக்கிவிட்டான் என்று சொல்ல வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். உனக்காக அல்ல.

உன் மேல் எனக்குள்ள கோபம் ஆறாது. ஆற வேண்டும் என்ற ஆசையும் இல்லை. உன் மாமனாரிடம் என்ன கதை வேண்டுமானாலும் அளந்துகொள். நீ என்னோடு பேச வேண்டாம், நானும் உன் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. இருபதாம் தேதிக்குள் வந்து, அவர் கையைப் பிடித்து ஆஸ்பத்திரி வரை கூட்டிக்கொண்டு போ. அப்புறம் எங்கேயாவது போய்த் தொலை.

நேற்று சாயங்காலம், நீ வரமாட்டாய் என்று அவருக்குத் தெரிவித்துவிடலாம் என்று நானே அந்தத் துளைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கையைத் தூக்கிய பிறகுதான் உறைத்தது. வரமாட்டேன் என்பதற்கு நாம் சைகையே வைத்துக்கொள்ளவில்லை.

பத்திரமாக வந்து சேர்.

இப்படிக்கு,
உயிரோடு இருப்பவரின் மகள்