பார்லி வயலில் அப்பாவின் ஜட்டி

ஜட்லாந்து, டென்மார்க்
ஜூலை கடைசி

என் செல்ல மரேன்,

நானும் அப்பாவும் மாடுகளும் சுகம், பூனைக்கு மட்டும் வயிறு சரியில்லை, நீ அங்கே நியூசிலாந்தில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒட்டுக்கேட்பார், எனக்கோ சிரிப்பு வந்துவிடும். விஷயம் அவருடைய ஜட்டியைப் பற்றியது. முகத்தைச் சுளிக்காமல் படி.

ஏப்ரலில் ஊர்க்கூடத்தில் மண் பரிசோதனைக் கூட்டம் நடந்தது. புதுப் பருத்தி ஜட்டி ஒன்றை வயலில் புதைக்க வேண்டுமாம், இரண்டு மாதம் கழித்துத் தோண்ட வேண்டுமாம். மண்ணில் உயிர் இருந்தால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் புழுக்களும் சேர்ந்து துணியைத் தின்று தீர்த்துவிடும், எலாஸ்டிக் மட்டும் மிஞ்சும். மண் செத்திருந்தால் ஜட்டி போட்டது போட்டபடி வரும். பக்கத்துப் பண்ணை வெர்னருக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏகோன், உன் வயல்ல புதைச்சா இஸ்திரி போட்ட மாதிரியில்ல திரும்பி வரும்" என்றார். உன் அப்பாவுக்கு வந்ததே கோபம்! எழுந்து நின்று, "என் ஜட்டி மக்கலேன்னா நானே நியூசிலாந்துக்குப் போன் பண்றேன்டா" என்று கத்திவிட்டார். கூடமே திரும்பிப் பார்த்தது. உழுது உழுது, குளிர்காலம் முழுக்க வெறுமனே போட்டு இந்த மண்ணைக் கொன்றுவிட்டீர்கள் என்று நீ சொன்னதும், அவர் கத்தியதும், நீ பெட்டியைத் தூக்கியதும் ஊருக்கே தெரியும் அல்லவா. அன்றிலிருந்து நீங்கள் இருவரும் பேசாமல் இருப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆள்மாறாட்டம் நடந்துவிடக் கூடாது என்று இரண்டு ஜட்டியிலும் சிவப்பு நூலால் அவர் பெயரின் முதல் எழுத்தை என்னைத் தைக்க வைத்தார். மே கடைசியில் ஒன்றைப் பெரிய பார்லி வயலில் புதைத்தார். இன்னொன்றை, மண்ணுக்கு உரமாகும் என்று நீ குளோவர்ச் செடி விதைத்தாயே, கொட்டகைக்குப் பின்னால் அந்தத் துண்டு நிலம், அங்கே புதைக்கச் சொல்லி வெர்னர் பிடிவாதம் பிடித்தார். "அதுல களையைத் தவிர என்ன இருக்கு" என்று உன் அப்பா முனகிக்கொண்டேதான் குழி தோண்டினார். போன சனிக்கிழமை தோண்டி எடுக்கும் நாள். மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? விடிந்ததும் முற்றத்துக் கம்பத்தில் நாட்டுக் கொடியை ஏற்றிவிட்டார்! பிறந்தநாளுக்கு ஏற்றலாம், கல்யாணத்துக்கு ஏற்றலாம், மக்கப்போகிற ஜட்டிக்கு முன்கூட்டியே யாராவது ஏற்றுவார்களா? அக்கம்பக்கத்தாரைக் காபிக்கு வேறு கூப்பிட்டுவிட்டார், நான் ஓயாமல் இலவங்கப்பட்டை ரொட்டி சுட்டேன்.

பார்லி வயலில் மண்வெட்டியைப் போட்டார், வெளியே வந்தது ஜட்டி. கொஞ்சம் அழுக்கு, அவ்வளவுதான், சிவப்பு எழுத்துகூட மங்கவில்லை. வெர்னர் பெண்டாட்டி யூட்டே, "அடடா, ஒரு அலசு அலசினா இன்னைக்கே போட்டுக்கலாமே" என்றாள். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவருக்குக் காது சிவந்துவிட்டது. அடுத்து உன் துண்டு நிலம். அங்கே ஜட்டியைத் தேடவே வேண்டியிருந்தது, எலாஸ்டிக்கும் தையல் நூலும் மட்டும் கிடைத்தன, கூடவே நெளிநெளியாய் மண்புழுக்கள். உன் அப்பா குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்தார். வெர்னர் விடுவாரா, "கொடியை இறக்கிடலாமா ஏகோன்?" என்றார். "ஏன் இறக்கணும்? ஜெயிச்சது எம்பொண்ணு. பொழுது சாயற வரைக்கும் பறக்கட்டும்" என்றார் உன் அப்பா. நான் காபியைக் கோப்பையில் ஊற்றாமல் மேஜையில் ஊற்றிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். நீ போனதிலிருந்து அந்தத் துண்டு நிலத்தை அவர் உழவே இல்லை. ஏன் என்று கேட்டால், "ட்ராக்டர் அங்க திரும்பாது" என்பார். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ட்ராக்டர் அங்கே அழகாகத் திரும்புவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கூட்டத்தில் சொன்ன சொல்படி அவரிடமிருந்து போன் வரும், ஆனால் பார்லி அறுத்த பிறகுதானாம். எடுத்ததும் மழையைப் பற்றிப் பேசுவார், குறுக்கே பேசாதே. பிறகு குளோவர் எப்போது விதைப்பது என்று தெரியாதவர் போலக் கேட்பார், பொறுமையாகச் சொல். ஜட்டிப் பேச்சை நீயாக எடுக்காதே தாயே. மக்காததைத் துவைத்துப் போட்டுக்கொண்டு திரிகிறார், வீணாக்கக் கூடாதாம்! எலாஸ்டிக்கை இந்த உறையில் வைத்திருக்கிறேன், "அவளுக்கு அனுப்பு" என்று அவரே மண் போகக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தார். உங்கள் ஊர் சுங்கக்காரர்கள் பிரித்துப் பார்த்து என்ன இது என்று கேட்டால், அப்பா கொடுத்த பதக்கம் என்று சொல்.

அங்கே இப்போது குளிர்காலம், காதை மூடிக்கொள். ஒரு குறையும் இல்லாமல் நல்லா இரு கண்ணு.

உன் அம்மா