சவுண்டல் தின்ற குதிரை

ஏப்ரல் 6

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்கள். அறுவடை முடிந்தது, நாளை முதல் கயிறு அவிழ்ப்பு. இனி மழை விழும் வரை இந்த ஊரில் எந்த நிலத்துக்கும் சொந்தக்காரன் கிடையாது. மாடும் குதிரையும் கால் போன பக்கம் மேயும். எங்கள் சும்பாவாத் தீவில் இது பாட்டன் காலத்து வழக்கம். ஊருக்கே கொண்டாட்டம். எனக்கு மட்டும் இல்லை.

மேட்டு நிலத்தில் தீவனத்துக்குப் போட்ட சவுண்டல் மரங்கள் இப்போதுதான் என் தலைக்கு மேல் வளர்ந்திருக்கின்றன. போன கோடையில் ஊர் மாடுகள் புகுந்து பாதியைக் குச்சியாக்கிவிட்டுப் போயின. மீதியை நம்பித்தான் கொட்டிலில் இரண்டு காளைகளைக் கட்டி வைத்திருக்கிறேன். வைக்கோலைத் தின்று எலும்பெண்ணக் கிடந்தவை. இந்தத் தழை உள்ளே போன பிறகு இரண்டில் பெரியவனுக்கு முதுகு பலகை மாதிரி விரிந்துவிட்டது. எங்கள் ஊர்க் காளைகள் பருவத்துக்கு வரும்போது ஆகிற மாதிரி, சிவப்பு போய் உடம்பு கறுக்கவும் தொடங்கிவிட்டது.

வேலி போடப் போகிறேன். போட்டால் என்ன செய்துவிடுவார்கள்?

ஏப்ரல் 7

போட்டுவிட்டேன். மூங்கிலும் இலந்தை முள்ளும். கை முழுக்கக் கீறல்.

ஏப்ரல் 9

என் வீட்டுக்காரர் மலேசியாவின் சபாவிலிருந்து போனில் பேசினார். அவர் வேலை செய்யும் செம்பனை எண்ணெய்த் தோட்டத்து ஒப்பந்தம் ஜூனோடு முடிகிறது. மறுபடி கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருடம்.

"இங்கயே காளை வளத்துப் பொழைக்கலாம், வாங்க" என்றேன்.

"ரெண்டு காளையும் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நல்லபடியா வெலை போகட்டும் ஹஸ்னா. அப்ப நம்புறேன். வந்துர்றேன்."

இரண்டு மாட்டின் முதுகில் என் குடித்தனம் உட்கார்ந்திருக்கிறது. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கோபமாகவும்.

ஏப்ரல் 12

அவருடைய அண்ணன் ஜஹாருதீன் வந்தார். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றே கத்தினார்.

"அறுப்பு முடிஞ்சப்புறம் வேலி போட்டா ஊரோட பகைன்னு அர்த்தம். இத்தனை வருஷம் என் வயல்ல உன் மாடு மேயலையா?"

"மேஞ்சுச்சு மச்சான். எலும்பும் தோலுமா திரும்பி வந்துச்சு."

"வாய் மட்டும் நல்லா கொழுத்துக் கிடக்கு உனக்கு!"

"மாடும் கொழுக்கட்டுமேன்னுதான் வேலி."

சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப வாங்க மனமில்லை. ஆனால் அவர் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

ஏப்ரல் 15

பக்கத்துத் தெருவில் கல்யாணம். தேங்காய் திருக எல்லாப் பெண்களையும் கூப்பிட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 18

வேலியை யாரோ பிரித்துவிட்டிருக்கிறார்கள். உள்ளே மூன்று பசுக்கள். விரட்டிவிட்டுப் பார்த்தால் கீழ்வரிசை முழுக்க மொட்டை. யாரென்று தெரியும், கேட்கத்தான் முடியவில்லை. இப்படியே போனால் பெருநாளுக்கு முன்னால் என் காளைகளுக்கு வைக்கோல்தான். அவருக்கு என்ன சொல்வேன்? நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

ஏப்ரல் 20

மானத்தைப் பார்த்தால் ஆகாது என்று ஒரு கட்டுத் தழையைத் தலையில் வைத்துக்கொண்டு ஜஹாருதீன் வீட்டுக்குப் போனேன். பந்தயக் குதிரை கிலாத்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அதுதான் அவருக்குத் தலைப்பிள்ளை.

"மச்சான், இது கிலாத்துக்கு. தினமும் கொண்டாந்து தர்றேன். வேலிய மட்டும் விட்டுரச் சொல்லுங்க."

தழையை முகர்ந்து பார்த்தார். "உன் காளைய இப்படி மினுக்குறது குதிரையவும் மினுக்குமில்ல?"

"மினுக்காம பின்னே?"

ஊரில் அவர் சொல் எடுபடும். சமாதானம். இதை ஏன் முதல் நாளே செய்யவில்லை நான்?

ஏப்ரல் 29

வேலியில் கை வைக்க ஆளில்லை. நாளுக்கொரு கட்டு கிலாத்துக்குப் போகிறது. நன்றாகத் தின்கிறதாம். ஊர் அடங்கிவிட்டது, என் மனசுதான் அடங்கவில்லை. எதற்கென்று தெரியவில்லை.

மே 11

தெரிந்துவிட்டது.

கிலாத்தின் பிடரி மயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. வாலிலும். ஜஹாருதீன் ஒரு கைப்பிடி மயிரைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டார்.

"விஷம் வச்சுட்டியேடி பாவி. வேலிக்கு ஆசைப்பட்டு என் புள்ளைக்கு விஷம் வச்சுட்டியே."

"இல்ல மச்சான்... அல்லா மேல ஆணையா எனக்குத் தெரியாது..."

மே 12

விதை கொடுத்த கால்நடை அலுவலகத்து ரத்னாவுக்குப் போன் போட்டேன்.

"குதிரைக்கா குடுத்தீங்க! ஐயோ அக்கா, அந்தத் தழையில ஒரு நஞ்சு இருக்கு, அத முறிக்கிற சத்து மாட்டு வயித்துலதான் இருக்கு. குதிரைக்குக் கெடையாது. நிறுத்துங்க, மயிர் மறுபடி மொளைச்சிரும்."

ஆளனுப்பி ஜஹாருதீனிடம் சொல்லச் சொன்னேன். ஒரு வார்த்தை முன்னாலேயே கேட்டிருக்கலாம். மினுக்காம பின்னேவாம்! பெரிய வைத்தியச்சி நான்.

மே 16

பந்தயத்துக்குக் கிலாத்தை இறக்கவில்லை. மொட்டைக் கழுத்தோடு நிற்பதைப் பார்த்து "என்ன பாய், உங்க குதிரை மெக்காவுக்குப் போய் மொட்டை போட்டு வந்துருச்சா?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். இப்போது ஊரே அதை ஹாஜி என்று கூப்பிடுகிறது. கேட்டதும் சிரித்துவிட்டேன். பாவம்தான்.

சிரிப்பு சாயங்காலம் வரைகூட நிற்கவில்லை. அந்தத் தழையைத் தின்ற காளைக்கும் மயிர் கொட்டும், குறையுள்ள மாடு பெருநாளில் குர்பானி கொடுக்க ஆகாது என்று பேச்சு கிளம்பிவிட்டது. இன்று காளைகளைப் பார்க்க வருவதாகச் சொன்ன லொம்போக் தீவு வியாபாரி வரவில்லை.

மே 19

காலையில் எழுந்ததும் இரண்டு காளைகளின் வாலையும் இழுத்துப் பார்க்கிறேன். ஒரு மயிர் வந்தாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். ஒரு மயிர் எந்த மாட்டுக்குத்தான் வராது? பெரியவன் இன்று உதைத்துவிட்டான். அவனுக்கும் சலித்துவிட்டது.

அவர் போன் வந்தது. எடுக்கவில்லை.

மே 21

மேட்டில் யாரோ வெட்டுகிற சத்தம். வேலிதான் போச்சு என்று செருப்புகூடப் போடாமல் ஓடினேன். ஜஹாருதீனும் இன்னும் நாலு குதிரைக்காரர்களும். வேலியைப் பிரிக்கவில்லை, புது மூங்கில் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள்!

"என்ன பாக்குற? எங்க குதிரை ஏதாச்சும் உள்ள நுழைஞ்சு இன்னொரு ஹாஜியா வந்து நின்னா யாரு பதில் சொல்றது?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் கெஞ்சி வாங்கிய வேலி, இப்போது அவர்களே கட்டுகிறார்கள். நானும் ஒரு மூங்கிலைத் தூக்கிக் கொடுத்தேன். பிறகு தைரியம் வந்தது.

"என் காளைய ஒரு தடவ வந்து பாருங்க மச்சான். நீங்க குறைன்னு சொன்னா நானே அவிழ்த்து விட்டுர்றேன்."

முடிச்சை இறுக்கினார்.

மே 24

வந்தார், இமாமையும் கூட்டிக்கொண்டு. இமாம் கண், கொம்பு, பல், குளம்பு எல்லாம் பார்த்தார். ஜஹாருதீன் நேராகப் பின்னால் போய்ப் பெரியவனின் வாலைப் பிடித்து, கிணற்றுக் கயிறு இழுப்பது மாதிரி இழுத்தார். பெரியவன் விட்டான் ஓர் உதை.

"மயிரு வந்துச்சா?" என்றார் இமாம்.

"உதைதான் வந்துச்சு" என்று முழங்காலைத் தடவிக்கொண்டே மச்சான் சிரித்தார். இத்தனை நாளில் முதல் சிரிப்பு. ஏழு வீட்டுக் கூட்டுக் குர்பானிக்குப் பெரியவனை எடுத்துக்கொள்கிறார்கள். ஏழில் ஒரு பங்கு ஜஹாருதீனுக்கு. சின்னவனை அடுத்த ஊர்ப் பள்ளிவாசலுக்குச் சொல்லிவிடுகிறாராம் இமாம்.

ஜூன் 7

பெருநாள். கழுத்தில் கத்தி படும் நேரத்தில் நான் அங்கே நிற்கவில்லை. வளர்த்த கை.

கறி சமைக்க என்னைக் கூப்பிட்டார்கள். தேங்காயும் திருகினேன்.

ஜூன் 15

"ரெண்டும் நல்லபடியா போச்சு" என்று அவரிடம் போனில் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார். அப்புறம் "மேஸ்திரி சம்பளம் கூட்டித் தர்றேங்கிறாரு..." என்று இழுத்தார்.

நம்புறேன்னு சொன்னீங்களே. சொன்னீங்களா இல்லையா? போனை வைத்துவிட்டேன். என்னை நம்ப இன்னும் எத்தனை மாடு வேண்டும் இந்த மனுஷனுக்கு?

ஜூன் 30

இன்றோடு ஒப்பந்தம் முடிகிறது. போன் இல்லை.

ஜூலை 9

கிலாத்துக்குப் பிடரியில் புது மயிர், துடைப்பக் குச்சி மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறது. ஜஹாருதீனே இப்போது அதை ஹாஜி என்றுதான் கூப்பிடுகிறார்.

புதிதாக வாங்கிய இரண்டு இளங்காளைகளும் எலும்பெண்ணக் கிடக்கின்றன. இன்று தழைக்கு நான் போகவில்லை. மேட்டில் அரிவாள் சத்தம் கேட்கிறது. இடுப்புயரம் விட்டு வெட்டினால்தான் நன்றாகத் துளிர்க்கும் என்று நேற்று அவர் வந்து இறங்கியதுமே சொன்னேன். செம்பனை வெட்டிய கை, அடிமரத்தைப் போட்டுச் சாய்க்கிற மாதிரி இருக்கிறது சத்தம். எழுந்து போய் அவரை நாலு திட்டு திட்டிவிட்டு வருகிறேன்.