திறக்காமல் வைத்த இருபத்துநான்கு கதவுகள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் ஆண்டவர் தயவில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் என் மருமகளும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்பதுதான் விடிந்ததும் என் முதல் ஜெபம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய், போனில் என்றால் அவள் பக்கத்திலேயே இருப்பாள், நான் சொல்லி முடிப்பதற்குள் நீயும் பேச்சை மாற்றிவிடுவாய்.

போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவள் தன் கையால் ஒரு அட்டை செய்து அனுப்பினாளே, மேலே மாட்டுத்தொழுவமும் பாலன் இயேசுவும் வரைந்து, அதிலேயே குட்டிக் குட்டியாய்க் கதவு வெட்டி ஒட்டி, ஒன்றிலிருந்து இருபத்துநான்கு வரை நம்பர் போட்டு. டிசம்பர் பிறந்ததும் தினம் ஒரு கதவு திறங்கம்மா என்றாய், நானும் ஆகட்டும் என்றேன். கை வரவில்லையடா. பன்னிரண்டாம் கதவு பாலன் முகத்திலேயே இருக்கிறது, அதை எப்படிக் கிழிப்பேன்? வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, அதுதான் மரியாதை என்று இருந்துவிட்டேன். அந்த மாதம் முழுக்க சாயங்காலம் நீ போன் போடுவாய், அவ பேசணுமாம் இந்தாங்கம்மா என்பாய், எனக்கென்ன அந்த ஜெர்மன் தெரியும், நீயே பேசு என்று தள்ளிவிடுவேன். பண்டிகை முடிந்தபின் அவள் போன் பக்கமே வரவில்லை. உன் சித்தியிடம் நான், வெள்ளைக்காரிக்கு நம்ம சகவாசம் பிடிக்கலை போல என்று வேறு சொன்னேன். அந்த வாயை எதைக் கொண்டு கழுவுவது?

போன வாரம் அலமாரி துடைக்கும்போது ஈரத்துணி பட்டு ஏழாம் கதவு தானாகப் பெயர்ந்து வந்தது. உள்ளே கெர்ட்ஸெ என்று அவர்கள் எழுத்தில், கீழே மெழுகுவர்த்தி என்று தமிழில், அவள் கைதான், அழித்து அழித்து எழுதிய தடம். அதற்கும் கீழே, அம்மா இன்று இதை ஜெர்மனில் என்னிடம் சொல்லுங்கள், நான் தமிழில் சொல்கிறேன் என்று. அப்புறம் எல்லாவற்றையும் திறந்தேன், பாலன் முகத்துக் கதவையும்தான். இருபத்துநான்கிலும் ஒவ்வொரு வார்த்தை, கீழே அதே வரி. தீப்பெட்டியில் நாலு குச்சி குறைந்தால் கண்டுபிடிக்கிறவள் நான், ஒரு பெண் அத்தனை சாயங்காலமும் போனுக்குப் பக்கத்தில் காத்து நின்றதைக் கண்டுபிடிக்கவில்லை. உள்ளே இருந்தது உனக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன், தெரிந்திருந்தால் நேரில் வரும்போது காதைத் திருகாமல் விடமாட்டேன்.

இப்போது கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டுப் படிக்கிறேன். ஷ்டெர்ன் நட்சத்திரம், எங்கெல் தேவதூதன், ஹிர்ட்டெ மேய்ப்பன், கிரிப்பெ பாலனைக் கிடத்திய முன்னணை. கைப்பேசி அகராதி ஒரு தரம் சொன்னால் நான் பத்துத் தரம் சொல்வேன், காலங்காத்தால யாரைத் திட்டுறே என்கிறார் அப்பா. பரிசுக்கு கெஷெங்க், அது மட்டும் நாக்கில் நிற்காமல் வழுக்குகிறது.

டிசம்பர் ஒன்றாம் தேதி சாயங்காலம் போனை அவளிடம் கொடு. முன்கூட்டி எதுவும் சொல்லாதே, நடுவில் மொழிபெயர்க்காதே. வாங்க மனசில்லை என்றால் வற்புறுத்தாதே, சத்தம் கேட்கும்படி மேசையில் வைத்துவிடு, நான் அன்றைக்குள்ள வார்த்தையைச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன், மறுநாளும் அப்படியே. ஆனால் நான் முதலில் சொல்லவேண்டியது அவள் எழுதின இருபத்துநான்கில் இல்லை. அகராதியில் மன்னிப்புக்கு மூன்று நாலு போட்டிருக்கிறது, கூட்டத்தில் காலை மிதித்தவள் சொல்வது எது, வீட்டுப் பெண்ணின் மனசை மிதித்தவள் சொல்வது எது என்று தெரியவில்லை. சரியானதைத் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பு. எனக்குப் பதிலாக நீ சொல்லிவிடாதே.

வேளைக்குச் சாப்பிடுங்கள், காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். ஆண்டவர் உங்கள் வீட்டைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். பதிலைத் தள்ளிப்போடாதே, அந்த ஒரு வார்த்தையைத் தப்பில்லாமல் சொல்ல எனக்கு நாள் பிடிக்கும்.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் அம்மா